மூன்று நூல் பள்ளம்

டீ ஆறும்வரை கரண்டியைப் போட்டு டம்ளரில் வேகமாகச் சுற்றுங்கள். கரண்டியை எடுத்த பிறகும் டீ சுழல்கிறது. மிதக்கும் ஏலக்காய்த் தோலையும் இழுத்துக்கொண்டு சுழல்கிறது. ஆட்டோமேட்டிக் காரில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் உள்ள உறவு ஏறக்குறைய இதுதான். பூசணிக்காய் மாதிரி மூடிய ஓர் உருண்டை, உள்ளே எண்ணெய். அதன் பெயர் டார்க் கன்வர்ட்டர். இன்ஜின் ஒரு பக்கத்து இறக்கைகளைச் சுழற்ற, எண்ணெய் பாய்ந்து எதிர்ப்பக்கத்து இறக்கைகளைத் தள்ளும். நடுவில் இருக்கும் ஸ்டேட்டர், திரும்பி வரும் எண்ணெயின் திசையை மாற்றிவிடும். அதனால் வண்டி கிளம்பும்போது இன்ஜினின் முறுக்குவிசை சுமார் இரண்டு மடங்காகக் கிடைக்கிறது. 1905இல் ஹெர்மன் ஃபட்டிங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர் இந்த யோசனைக்குக் காப்புரிமை கேட்டது காருக்காக அல்ல, கப்பலுக்காக.

இந்த உருண்டையை இன்ஜினோடு பிணைப்பது ஃபிளெக்ஸ் பிளேட். பெரிய தோசைக்கல் அகலம் இருக்கும், கனம் மட்டும் 3 மி.மீ. பக்கம்தான். கிளட்ச் வண்டியின் ஃபிளைவீலைத் தூக்கிப் பழகியவர் இதைக் கையில் வாங்கினால், என்னய்யா இது, தகரமா என்று கேட்பார். எண்ணெய் அழுத்தத்தில் கன்வர்ட்டர் லேசாக உப்பும், முன்பின்னாகக் கொஞ்சம் நகரும். அதற்கு வளைந்து கொடுக்கத்தான் அது தகரமாய் இருக்கிறது. ஃபிளைவீல் செய்ய வேண்டிய வேலையை எண்ணெய் நிறைந்த கன்வர்ட்டரின் கனமே பார்த்துக்கொள்கிறது.

இன்ஜின் மாற்றும்போதுதான் வம்பு. அமெரிக்காவில் பழைய ஷெவர்லே வைத்திருப்பவர்கள் அதிகம் செய்யும் மாற்றத்தையே எடுத்துக்கொள்வோம். பழைய வி8 இன்ஜினைக் கழற்றிவிட்டு, 1997இல் கார்வெட்டில் வந்த எல்எஸ் வகை இன்ஜினை உட்கார வைப்பார்கள். கியர்பாக்ஸ் மட்டும் பழைய டர்போ 350. இன்ஜினோடு சேரும் அதன் முன்கூடான பெல் ஹவுசிங்கின் துளைகள் பெரும்பாலும் நேருக்கு நேர் அமைந்துவிடும். அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

பொருந்தாத பாகங்களில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்லிவிடும். ஷெவர்லேயின் அந்தப் பழைய சின்ன பிளாக் இன்ஜினில் 1986 முதல், இன்ஜினின் சுழல்தண்டான கிராங்க்கின் பின்பக்க ஆயில் சீல் ஒரே துண்டாக மாறியது. அதோடு பிளேட் மாட்டும் போல்ட் வட்டமும் 3.58 அங்குலத்திலிருந்து 3 அங்குலமாகச் சுருங்கியது. பழைய பிளேட்டை அதில் வைத்தால் துளையே ஒட்டாது. விளிம்பில் 153 பல் உள்ள பிளேட்டுக்குரிய ஸ்டார்ட்டரை 168 பல் பிளேட்டுக்குப் போட்டாலும் முதல் சாவியிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும். இவை நல்ல ஜாதி.

இன்னொன்று, சிரித்துக்கொண்டே உள்ளே போய்விடும். அதே சின்ன பிளாக் வகையின் 400 கன அங்குல இன்ஜினின் பிளேட்டில் சமநிலைக்காக ஒரு கனத்தைப் பற்றவைத்திருப்பார்கள். 1985 வரையிலான 350 கன அங்குல இன்ஜினுக்கு அந்தக் கனம் வேண்டாம். ஆனாலும் அந்தப் பிளேட் அதில் அழகாக மாட்டிக்கொள்ளும். வண்டி ஓடும்போதுதான் உதறும்.

எல்எஸ் விஷயம் இந்த இரண்டாம் ஜாதி. அதன் கிராங்க் முகம் பழைய இன்ஜினில் இருந்த இடத்தைவிட 0.4 அங்குலம் உள்ளே தள்ளி நிற்கிறது. ஒரு நூல் ஏறக்குறைய 3 மி.மீ. என்ற பட்டறைக் கணக்கில் அது மூன்று நூலுக்குச் சற்று மேல். கன்வர்ட்டரின் பின்பக்கக் கழுத்துதான் கியர்பாக்ஸின் எண்ணெய்ப் பம்பைச் சுற்றுகிறது. பள்ளத்தைக் கவனிக்காமல் போல்ட்டை முடுக்கினால், கன்வர்ட்டர் முன்னால் இழுபட்டு, கழுத்து பம்பை அரைகுறையாகவே பிடிக்கும். முன்பக்க மூக்கும் கிராங்க் துளையில் சரியாக உட்காராது. உருண்டை நடுவம் தவறிச் சுழலும். இதற்கென்றே 0.4 அங்குல கனத்தில் ஒரு ஸ்பேசர் வளையம், தட்டையான ஃபிளெக்ஸ் பிளேட், நீள போல்ட்டுகள் எல்லாம் கிடைக்கின்றன. பழைய கியர்பாக்ஸுக்கு இவை மூன்றும் சேர்ந்தே போக வேண்டும்.

பிறகு கன்வர்ட்டரைக் கியர்பாக்ஸில் ஏற்றுவது. கையால் சுற்றிக்கொண்டே தள்ளினால் படிப்படியாக மூன்று முறை 'டொக்'கென்று உள்ளே இறங்கும். உள் தண்டு, ஸ்டேட்டர் தாங்கி, கடைசியாகப் பம்ப். கடைசி 'டொக்'குக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் பம்பை உடைத்தவர்கள் ஏராளம். இன்ஜினும் கியர்பாக்ஸும் கையால் தள்ளியே முகத்தோடு முகம் சேர வேண்டும். போல்ட்டால் இழுத்துச் சேர்க்கும் நிலை வந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

சேர்ந்தபின் கன்வர்ட்டர் கையால் தாராளமாகச் சுற்ற வேண்டும். அதை முழுக்கப் பின்னால் தள்ளி, பிளேட்டுக்கும் அதற்கும் இடையே அளந்தால் ஒரு நூலிலிருந்து ஒன்றரை நூல், அதாவது 3 முதல் 5 மி.மீ. வரை இருக்கலாம். அதிகமானால் வாஷர் வைக்கலாம். இடைவெளியே இல்லையென்றால் பிரித்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

எல்எஸ் என்றதும் கண்ணை மூடிக்கொண்டு ஸ்பேசர் போட்டுவிடவும் கூடாது. 1999, 2000ஆம் ஆண்டுகளின் லாரி வகை 6 லிட்டர் இன்ஜின்களில் கிராங்க் முகத்தைப் பழைய இன்ஜினில் இருந்த இடத்துக்கே நீட்டி வைத்தார்கள். அதில் ஸ்பேசரையும் சேர்த்தால் கன்வர்ட்டர் பத்து மி.மீ. பின்னால் போய்ப் பம்பை நசுக்கும். அதனால் பாகம் வாங்கக் கடைக்குப் போகும் முன்பே, பிளாக்கின் பின்முகத்தில் ஒரு நேர்க்கோலைக் குறுக்கே வைத்து, கிராங்க் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று அளந்துவிடுங்கள். இப்போது டீ குடிக்கிற சூட்டுக்கு வந்திருக்கும்.