துவரை வாடலும் வேர்ப் பூசணமும்

துவரைப் பயிர் பூத்துக் காய் பிடிக்கும் தருணத்தில், மண்ணில் ஈரம் போதிய அளவு இருக்கும்போதே, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில செடிகள் இலை மஞ்சளித்துத் தொங்கி மடிந்துபோவதைப் புன்செய்க் குடியானவர்கள் பலரும் கண்டிருப்பார்கள். தண்ணீர் போதவில்லையென்று கருதிக் கிணறு உள்ளவர்கள் நீர் பாய்ச்சுகிறார்கள். கறையான் அரித்துவிட்டதென்று வேறு சிலர் சொல்லுகிறார்கள். பாய்ச்சிய நீரால் ஒரு செடியும் பிழைப்பதில்லை. அடுத்த வருஷமும் அதே கொல்லையில் துவரை விதைத்தால் மடியும் செடிகளின் தொகை பெருகித் திட்டுத் திட்டாகப் பரவும். ஆறேழு மாதம் பாடுபட்டுக் காய் காணும் சமயத்தில் நேரும் நஷ்டமாதலால், இதன் காரணத்தைத் தெளிவாக அறிந்துகொள்ளுதல் அவசியமாகும்.

வாடிய செடி ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால், கறையான் அரித்ததாயின் வேர் தின்னப்பட்டு மண் பூச்சு ஒட்டியிருக்கும். வாடல் நோயாயின் வேர் முழுமையாக இருக்கும். ஆனால் தண்டின் அடியிலிருந்து மேல் நோக்கி ஊதா நிறமான பட்டை ஒன்று ஓடியிருக்கும். அத்தண்டைக் கத்தியால் நெடுக்குவாட்டில் பிளந்தால் உள்மரத்தில் கருமையான கோடுகள் தென்படும். சில செடிகளில் ஒரு பக்கத்துக் கிளைகள் மாத்திரம் வாடி மற்றப் பக்கம் பசுமையாக நிற்பதும் உண்டு. பீஹாரிலுள்ள பூஸா ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய பட்லர் என்னும் அறிஞர் 1906-ஆம் ஆண்டில் இந்நோயை விவரித்து, 1910-ஆம் ஆண்டில் இதற்குக் காரணமான மண் பூசணத்துக்கு ‘பியூஸேரியம் உடம்’ என்று பெயரிட்டார்.

இப்பூசணம் மெல்லிய பக்க வேர்களின் வழியே உட்புகுந்து, நீர் ஏறும் குழாய்களில் இழை இழையாக வளர்கிறது. பூசண இழைகளாலும், அதைத் தடுக்கச் செடியே சுரக்கும் பிசின் போன்ற பொருள்களாலும் குழாய்கள் அடைபட்டுப்போகின்றன. ஆகவே ஈர மண்ணில் நின்றுகொண்டே செடி தாகத்தால் மடிகிறது. செடி செத்த பிறகும் பூசணம் சாவதில்லை. துவரை மிளாறை விறகுக்காகத் தரைமட்டத்தில் அறுத்துக்கொண்டு கட்டையையும் வேரையும் நிலத்திலேயே விட்டுவிடுவது வழக்கமாகையால், அந்தக் கட்டைகளில் அது ஏறக்குறைய மூன்று வருஷகாலம் உயிரோடிருந்து அடுத்த துவரைக்காகக் காத்திருக்கிறது.

இவ்வளவு கேட்டவுடன், மண்ணிலுள்ள பூசணங்களை எல்லாம் மருந்து ஊற்றி அழித்துவிட்டால் நலமென்று தோன்றலாம். அது பெருந்தவறாகும். பூமிக்கடியில் விளையும் விலையுயர்ந்த காளானைப் பயிரிட வழி காணுமாறு பிரஷ்ய அரசாங்கத்தார் பிராங்க் என்னும் ஜெர்மானிய சாஸ்திரியாரைக் கேட்டுக்கொண்டனர். காளான் சாகுபடிக்கு அவரால் வழி காண இயலவில்லை. அதனினும் மேலான வேறொன்றைக் கண்டார். காட்டு மரங்களின் வேர் நுனிகளைப் பூசணம் உறைபோல் மூடியிருந்தும், அம்மரங்கள் நோயின்றிச் செழித்திருந்தன. வேரும் பூசணமும் ஒன்றுக்கொன்று உதவி வாழ்கின்றன என்று 1885-ஆம் ஆண்டில் அவர் முடிவு செய்தார்.

நமது பயிர்களில் காணப்படுவது இதில் வேறு வகை. அது வேரை மூடாமல் உள்ளே புகுந்து, வேரின் உயிரணுக்களுக்குள் சிறு மரம்போல் கிளைத்து நிற்கிறது. சோளம், கம்பு, துவரை, நிலக்கடலை, பருத்தி, மிளகாய், வெங்காயம் யாவும் இக்கூட்டாளியை உடையவை. கடுகு, முட்டைக்கோஸ் வகைகளுக்கு இது இல்லை. மணிச்சத்து மண்ணில் இடம் பெயராத பொருள். வேரைச் சுற்றியுள்ள சிறிதளவு மண்ணில் இருப்பது தீர்ந்தவுடன், அப்பால் எவ்வளவு இருந்தும் வேருக்கு எட்டாது. வேர்த்தூவியினும் நுண்ணிய பூசண இழைகள் பல அங்குலம் வெளியே சென்று அச்சத்தையும் துத்தநாகத்தையும் கொண்டுவந்து கொடுக்கின்றன. கூலியாகச் செடி தான் இலையில் சமைத்த சர்க்கரையில் நூற்றுக்கு 4 முதல் 20 பங்கு வரை கொடுக்கிறது. மணிச்சத்து உரத்தை அளவுக்கு மிஞ்சி இட்டால் செடி இக்கூலியைக் குறைத்துவிடும், கூட்டாளியும் குறைந்துபோகும்.

நிலத்தை நெடுநாள் தரிசாகப் போட்டாலும் இந்நஷ்டம் உண்டு. ஆஸ்திரேலியாவில் க்வீன்ஸ்லாந்து கரிசல் நிலங்களில் நீண்ட தரிசுக்குப்பின் விதைத்த பயிர்கள், ஈரம் இருந்தும் மணிச்சத்தும் துத்தநாகமும் கிட்டாமல் குன்றி நின்றன. வேர் இல்லாத நிலத்தில் வேர்ப் பூசணம் அருகிவிட்டதே காரணமென்று 1987-ஆம் ஆண்டில் விளக்கப்பட்டது. இங்கேதான் குடியானவருக்குச் சங்கடம் ஏற்படுகிறது. தரிசு போட்டால் துவரையின் பகைவன் பட்டினியால் குறைவான். நண்பனும் உடன் குறைவான்.

சோளம் இச்சங்கடத்தைத் தீர்த்துவைக்கிறது. வாடல் பூசணம் சோளத்தைத் தாக்கி நோயுண்டாக்குவதில்லை. வேர்ப் பூசணமோ சோள வேரில் நன்றாகப் பெருகும். ஹைதராபாத்துக்கு அருகே பட்டாஞ்சேருவிலுள்ள ஸர்வதேச ஆராய்ச்சி நிலையத்தில் 1980-க்குப் பிந்திய ஆண்டுகளில் நடந்த சோதனைகளில், சோளத்தை மாற்றுப் பயிராகவோ கலப்புப் பயிராகவோ இட்டவிடத்தில் வாடல் பெரிதும் குறைந்தது. சோளத்தோடு துவரை கலந்து விதைத்த பெரியவர்களின் வழக்கத்தை, தனிப்பயிரே லாபமென்று கைவிட்டவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

வாடிய செடிகளைக் கண்டவுடன் வேரோடு பிடுங்கிக் கொளுத்திவிடவேண்டும். எருக்குழியில் எறிந்தால் நோய் எருவோடு கொல்லை முழுவதும் போய்ச் சேரும். நோயைத் தாங்கும் ரகங்களும் உண்டு. 1986-ஆம் ஆண்டில் கர்நாடகத்தில் வெளியிடப்பட்ட ‘மாருதி’ அவற்றுள் ஒன்று. ஆனால் அது மலட்டுத் தேமல் நோய்க்கு எளிதில் இரையாகுமாதலால், அந்நோய் உள்ள பிரதேசங்களுக்கு ஏற்றதன்று.

பூசணத்தைப் பூசணத்தாலேயே அடக்கும் முறையும் இப்போது வழக்கத்தில் இருக்கிறது. ‘டிரைக்கோடெர்மா’ என்னும் பச்சைப் பூசணம் பிற பூசணங்களின் இழைகளைச் சுற்றிக்கொண்டு அழிப்பதை 1932-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வைண்ட்லிங் என்பவர் வெளியிட்டார். விதை கிலோ ஒன்றுக்கு 4 கிராம் வீதம் இத்தூளைக் கலந்து விதைக்கலாம். ஏக்கருக்கு 1 கிலோ தூளை 20 கிலோ நன்கு மக்கிய எருவுடன் கலந்து நிலத்தில் தூவலாம். அதே விதையில் பூசணக்கொல்லி மருந்தைச் சேர்த்தால் இரண்டில் ஒன்று வீணாகும். பொட்டலத்திலுள்ள காலாவதித் தேதியைப் பாராமல் வாங்குவோர் பெரும்பாலும் வெறும் பொடியையே வாங்கியவர்களாவர்.

வேர்ப் பூசணத்தை விலைக்கு வாங்கிக் கொல்லை முழுவதும் இடுவதற்கு அவசரமில்லை. ஓயாமல் பயிர் நிற்கும் புன்செய்யில் அது இயல்பாகவே இருக்கும். நாற்றங்காலில் இடுவது மாத்திரம் சிக்கனமானது. இப்பூசணம் உயிர்வேரின்றி வளராதாகையால், தொட்டியில் சோளம் வளர்த்து அதன் வேரையும் மண்ணையும் சேர்த்தே வித்தாகக் கொள்ளுகிறார்கள். மிளகாய், வெங்காய நாற்றங்கால்களில் விதைக்குக் கீழே மெல்லிய படுகையாக அதைப் பரப்பினால், முளைக்கும் வேர் அதனூடே செல்லும்.