இரட்டைக் கன்றும் மலட்டுக் கிடாரியும்

பசு இரட்டைக் கன்று ஈன்றால் வீட்டார் அகமகிழ்வர். ஒன்று காளை, மற்றொன்று கிடாரி என்றால், ஏருக்கு ஒன்று, பாலுக்கு ஒன்று என்று கணக்கிடுவர். ஆனால் அந்தக் கிடாரி வளர்ந்த பின்னும் பெரும்பாலும் சினைப்படுவதில்லை. காளையுடன் பிறந்த கிடாரிகளுள் 100க்கு ஏறத்தாழ 90 மலடாகின்றன. ஆங்கில நாட்டு உழவர் இதற்கு 'ஃப்ரீமார்ட்டின்' என்று பெயரிட்டனர். ஜான் ஹண்டர் என்னும் அறுவை மருத்துவர் 1779ஆம் ஆண்டிலேயே இதன் உள்ளுறுப்புகளை ஆராய்ந்து எழுதினார்.

இதற்குக் காரணம் யாது? கருவின் தொடக்க நாட்களை நோக்குவோம். ஆணாயினும் பெண்ணாயினும் இளங்கருவில் இனவுறுப்புகள் ஒரே வடிவில்தான் தோன்றுகின்றன. பால் வேறுபடாத சுரப்பியும், வுல்ஃப் குழாய், முல்லர் குழாய் என்னும் இருவகைக் குழாய்களும் எல்லாக் கருவிலும் உண்டு. காளைக் கருவில் ஏறத்தாழ 40ஆம் நாளில் அச்சுரப்பி விரையாக உருக்கொள்கிறது. விரை சுரக்கும் ஹார்மோன்களுள் ஒன்று முல்லர் குழாயை அழிக்கிறது. மற்றொன்று வுல்ஃப் குழாயை விந்து செல்லும் நாளமாக வளர்க்கிறது. கிடாரிக் கருவில் சுரப்பி சூலகமாகிறது. முல்லர் குழாய் கருப்பையாகிறது.

பசுவின் வயிற்றில் இரு கருக்கள் வளரும்போது, அவற்றின் உறைகள் இணைந்து இரத்தக் குழாய்களும் ஒன்றுபடுகின்றன. சகோதரனின் ஹார்மோன், சூலகம் வளருமுன்பே, சகோதரியின் உடலில் பாய்கிறது. அதனால் சூலகம் குன்றுகிறது. கருப்பையும் செவ்வனே உருவாவதில்லை. சிகாகோ இறைச்சிக்கூடங்களில் கிடைத்த கருக்களை ஆராய்ந்து, ஹார்மோனே காரணம் என்ற கொள்கையை 1916இல் ஃபிராங்க் லில்லி என்னும் அறிஞர் வெளியிட்டார். வெள்ளாட்டில் இவ்வாறு குழாய்கள் இணைவது அரிது. ஆதலால் இரட்டைக் குட்டிகளுக்கு இக்கேடு பெரும்பாலும் நேர்வதில்லை.

இந்த ஆராய்ச்சி மாட்டுக் கொட்டிலோடு நிற்கவில்லை. இரட்டைக் கன்று ஒவ்வொன்றின் உடலிலும் மற்றதன் இரத்த அணுக்களும் வாழ்வதை 1945இல் ரே ஓவன் கண்டார். கருவிலே கலந்த அயலணுக்களை உடல் பகையாகக் கருதுவதில்லை என்பது இதனால் புலனாயிற்று. பீட்டர் மெடவரும் அவர்தம் குழுவினரும் இக்கருத்தைச் சுண்டெலிகளில் சோதித்து மெய்ப்பித்தனர். மெடவர் 1960இல் நோபல் பரிசு பெற்றார். இன்றைய உறுப்பு மாற்று மருத்துவத்திற்கு அடிகோலிய ஆராய்ச்சிகளுள் இதுவும் ஒன்று.

உழவருக்கும் இதனால் பயன் உண்டு. கன்றின் இரத்தத்தைச் சோதித்தால், ஆணுக்குரிய அணுக்கள் கலந்துள்ளனவா என்பது இளமையிலேயே தெரிந்துவிடும். சினைப்படும் என்று நம்பி ஆண்டுக்கணக்கில் தீனியிட்டு ஏமாற வேண்டுவதில்லை. கருவில் நிகழும் சில நாள் மாற்றம் ஒரு குடும்பத்தின் பால்வளத்தையே நிர்ணயிப்பதை எண்ணினால் வியப்பு மேலிடுகிறதன்றோ!