பழங்குடிச் சான்றிதழும் ஒரகடத்துக் கதவும்

காஞ்சிபுரம் கோயில் வாசல்களில் பாசிமணியும் ஊசியும் விற்கும் நரிக்குறவர்களைப் பார்க்காதவர் இருக்க மாட்டார். இதே மாவட்டத்தின் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகள் ஆயிரக்கணக்கானோருக்கு மாதச் சம்பளம் தருகின்றன. அந்தச் சம்பளப் பட்டியலில் இவர்கள் பெயரைக் காண்பது அரிது.

இவர்களுடைய பழைய தொழில் வேட்டை. 1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதை முடித்து வைத்தது. மிஞ்சியது மணி வியாபாரம். ஊர் ஊராகத் திருவிழாக்களுக்குப் போனால்தான் அதில் காசு. பிள்ளைகளும் கூடவே போவதால் பள்ளிப் படிப்பு பாதியில் நிற்கிறது.

பட்டு நெசவுக்குப் போகலாமே என்பவர்கள் உண்டு. தறிக்குழி தோண்டச் சொந்தத் தரை வேண்டும். தொழிலோ குடும்பத்துக்குள்ளேயே கைமாறுவது. நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளே இப்போது கம்பெனி பஸ் ஏறுகிறார்கள்!

நரிக்குறவரைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கலாம் என்று மத்திய அரசு அமைத்த லோகூர் குழு சொன்னது 1965-ல். நாடாளுமன்றம் அதற்கான சட்டத்தை நிறைவேற்றியது 2022 டிசம்பரில். அதுவரை இவர்கள் இருந்த மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்கான சான்றிதழை மண்டலத் துணை வட்டாட்சியரே தந்துவிடுவார். பழங்குடிச் சான்றிதழுக்குக் கோட்டாட்சியர் வரை போக வேண்டும். பெற்றோரிடம் பழைய காகிதம் எதுவும் இல்லாத வீட்டுக்கு அது நீண்ட அலைச்சல்.

சான்றிதழ் கிடைத்தாலும், மாநில அரசு வேலையில் பழங்குடியினருக்கு உள்ள இடஒதுக்கீடு 1 சதவீதம்தான். தனியார் தொழிற்சாலையில் அதுவும் கிடையாது. அங்கே கேட்பது பிளஸ் டூ அல்லது ஐ.டி.ஐ. சான்றிதழ். ஆகவே பட்டியல் மாற்றத்தின் உண்மையான பலன் வேலையில் அல்ல, அதற்கு முந்தைய படியில் இருக்கிறது: கல்வி உதவித்தொகை, விடுதி. அரசு இதைச் சரியாகச் செய்தால் போதும், ஒரகடத்துக் கதவு தானாகத் திறக்கும் என்றும் சொல்ல முடியாது. 2021-ல் மாமல்லபுரம் கோயில் அன்னதானப் பந்தியில் தன்னை உட்கார விடவில்லை என்று ஒரு நரிக்குறவப் பெண் பேசிய காணொளியை நாடே பார்த்தது. பந்தியில் இடம் தராத மனம் நேர்காணலில் மட்டும் மாறிவிடுமா?

 

வழி இல்லாமலில்லை. பாம்புத்தோல் வணிகம் தடைபட்டு, பாம்பு பிடித்து வாழ்ந்த இருளர் பழங்குடியினர் பிழைப்பிழந்தபோது, 1978-ல் அவர்களுக்கெனப் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. வடநெம்மேலியில் இயங்கும் அது, அரசு உரிமத்துடன் பாம்பு பிடித்து நஞ்செடுத்து மருந்துக்குத் தருகிறது. அவர்களில் இருவருக்கு 2023-ல் பத்மஸ்ரீ. நரிக்குறவர் கைத்திறனை நம்பி அப்படி ஒரு சங்கத்தைக் காஞ்சிபுரத்தில் அரசு தொடங்க வேண்டும்.