கழிநிலத்துப் புலி

தமிழர் நிலத்தை ஐந்திணையாகப் பகுத்தனர். ஒவ்வொரு திணைக்கும் உரிய விலங்கு, பறவை, மரம், தொழில் ஆகியவற்றைக் கருப்பொருள் என வகுத்தனர். அவ்வகுப்பில் புலி குறிஞ்சிக்கு உரியது. நெய்தலுக்குச் சுறாவும் முதலையும் உரியன. ஒரு திணைக்குரிய பொருள் பிறிதொரு திணையில் வந்து பொருந்துவதைத் திணைமயக்கம் என்பர் இலக்கண நூலார். புலவர் செய்யுளில் அமைக்கும் அம்மயக்கத்தை இயற்கையே அமைத்துக் காட்டும் இடம் ஒன்று உண்டு. வங்கக் கடலின் வடகோடியில், கங்கையும் பிரமபுத்திராவும் மேக்னாவும் கடலொடு கலக்கும் கழிமுகத்தில் பரந்து கிடக்கும் சுந்தரவனமே அது. அங்கே குறிஞ்சிப் புலி நெய்தல் நிலத்தில் வாழ்கிறது. அதனைக் காணப் படகேறிச் செல்வோர் ஆண்டுதோறும் பலராவர். அப்பயணம் எங்ஙனம் நடைபெறுகிறது, அதனால் விளையும் நன்மை யாது, அந்நன்மை யாரைச் சென்றடைகிறது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புலியூரும் தில்லையும்

கடலூர், சிதம்பரம் வட்டாரத்தார்க்குப் புலி என்னும் சொல் புதிதன்று. சிதம்பரத்தின் பழம்பெயர்களுள் ஒன்று பெரும்பற்றப்புலியூர். கடலூர் நகரின் ஒரு பகுதி திருப்பாதிரிப்புலியூர். வண்டு தீண்டுமுன் மலர் பறித்து வழிபட விரும்பிய முனிவர் ஒருவர், மரமேறுவதற்கெனப் புலிக்கால் வேண்டிப் பெற்றார் என்பது இவ்வூர்களைப் பற்றிய புராணச் செய்தி. அம்முனிவரே வியாக்கிரபாதர் எனப்படும் புலிக்கால் முனிவர். ஊர்ப்பெயரில் புலி உண்டு. ஊரில் இன்று புலி இல்லை.

சிதம்பரத்தின் மற்றொரு பெயராகிய தில்லை ஒரு மரத்தின் பெயர். உப்பங்கழியோரம் வளரும் அம்மரத்தின் பால் கண்ணிற் பட்டால் பார்வையைக் கெடுக்க வல்லது. நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 15 கி.மீ. தொலைவிலுள்ள பிச்சாவரத்தில் அது இன்றும் தழைத்து நிற்கிறது. அதே மரம் சுந்தரவனத்திலும் மிகுதி. அங்கு அதனைக் கேவா என்று வங்காளிகள் அழைப்பர். எனவே, தில்லையின் நிழலில் புலி படுத்திருக்கும் காட்சியைப் புலியூரில் காண இயலாவிடினும் சுந்தரவனத்தில் காண இயலும்.

கழியில் வாழும் புலி

சுந்தரவனத்தின் பரப்பு ஏறத்தாழ 10,000 சதுர கி.மீ. அதில் ஐந்தில் மூன்று பங்கு வங்காளதேசத்திலும் இரண்டு பங்கு இந்தியாவின் மேற்கு வங்காளத்திலும் உள்ளன. இந்தியப் பகுதி 1973ஆம் ஆண்டு புலிகள் காப்பகமாக்கப்பட்டது. 1984இல் அதன் ஒரு பகுதி தேசியப் பூங்காவாயிற்று. 1987இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியப் பகுதியில் ஏறத்தாழ 100 புலிகள் உள்ளன. வங்காளதேசப் பகுதியில் 125 புலிகள் இருப்பதாக 2024இல் அந்நாடு அறிவித்தது.

மலைக்காட்டுப் புலிக்கில்லாத பழக்கங்கள் பல இப்புலிக்கு உண்டு. அகன்ற ஆறுகளை நீந்திக் கடக்கும், உவர்ப்புநீரைக் குடிக்கும், புள்ளிமானும் காட்டுப்பன்றியும் கிட்டாதபோது மீனையும் நண்டையும் உண்ணும். சேற்றிலிருந்து ஈட்டிபோல் மேலெழுந்து நிற்கும் மூச்சுவேர்களிடையே ஓசையின்றி நடக்கும். நாள்தோறும் இருமுறை ஓதம் ஏறுவதால், எல்லையைக் குறிக்க அது இடும் அடையாளங்களும் அடிக்கடி கழுவப்பட்டுப் போகின்றன.

பயணம் நடைபெறும் முறை

மற்றக் காப்பகங்களில் ஜீப்பில் ஏறிச் செல்வது வழக்கம். சுந்தரவனத்தில் சாலை இல்லை, படகே வாகனம். கொல்கத்தாவிலிருந்து கேனிங் வழியாகச் சென்று, கோட்காளி அல்லது கோசாபாவில் படகேறுவர். வனத்துறையின் அனுமதியும் பதிவு பெற்ற வழிகாட்டியும் இன்றி எப்படகும் காட்டுக்குள் நுழைதல் கூடாது. சஜ்னேகாளி, சுதன்யகாளி, தோபாங்கி ஆகிய இடங்களில் உயர்ந்த காட்சிக் கோபுரங்கள் உள்ளன. அவற்றின் அருகே விலங்குகளுக்கென நன்னீர்க் குளங்கள் வெட்டப்பட்டுள்ளன. அனுமதிக்கப்பட்ட அவ்விடங்களிலன்றி வேறெங்கும் கரையிறங்கலாகாது.

இப்பயணத்தின் உயிர்நாடி வழிகாட்டியே ஆவார். அவர் முதலில் நோக்குவது புலியை அன்று, சேற்றை. வற்றம் தொடங்கியதும் கரைச்சேறு வெளிப்படும். ஓதம் எட்டும் எல்லைக்குள் ஒரு காற்சுவடு தெளிவாகக் காணப்படின், அது முந்தைய ஓதம் வடிந்த பின்னரே பதிந்ததாதல் வேண்டும். ஓதத்திற்கும் வற்றத்திற்கும் இடைப்பட்ட காலம் ஆறு மணி நேரத்திற்குச் சற்று மிகுதி. ஆகவே, சுவடு பதிந்து சில மணி நேரமே ஆயிற்று என்பதை அவர் கணித்துவிடுவார். சுவடு நீரை நோக்கிச் செல்கிறதா, நீரிலிருந்து ஏறுகிறதா என்பதைக் கொண்டு புலி எக்கரையில் உள்ளது என்றும் உய்த்துணர்வார். மானின் அபாயக் குரலும் குரங்கின் கூச்சலும் அவருக்குத் துணை. இங்ஙனம் காட்டை ஒரு நூல்போல் படித்துக் காட்டும் வழிகாட்டி வாய்த்தால், புலியைக் காணாது திரும்புவோரும் வெறுங்கையராய்த் திரும்பார். உண்மையில் புலியைக் காணாது திரும்புவோரே மிகப் பலர்.

காணச் செல்வோரும் அஞ்சி வாழ்வோரும்

பணம் கொடுத்துப் புலியைக் காணச் செல்வோர் ஒருபுறம் இருக்க, புலியைக் காணாதிருக்க வேண்டுமென்று நாள்தோறும் வேண்டுவோர் மறுபுறம் உளர். தேனெடுப்போர், மீனவர், நண்டு பிடிப்போர் ஆகியோரே அவர்கள். வயிற்றுப்பாட்டிற்காக ஓடைகளுக்குள் நுழையும் இவர்களைப் புலி பின்புறமாக வந்து தாக்குகிறது. 1980களில், பின்தலையில் மனித முகமூடி அணிந்து செல்லும் முறை புகுத்தப்பட்டது. சில காலம் அது பயன் தந்தது. பின்னர்ப் புலிகள் அச்சூழ்ச்சியை அறிந்துகொண்டன என்பர். புலி ஊருக்குள் புகாதவாறு காட்டோரத்தில் நைலான் வலை கட்டும் முறை இன்றும் உள்ளது.

புலியால் கணவனை இழந்த பெண்களைப் ‘புலி விதவையர்’ என்று அங்குக் குறிப்பிடுகின்றனர். கணவனை விழுங்கியவள் என்னும் பழியும் அப்பெண்கள்மேல் சுமத்தப்படுவதுண்டு. அனுமதியின்றியோ தடுக்கப்பட்ட பகுதியிலோ சென்று இறந்தவரின் குடும்பம் நிவாரணம் பெறுதல் எளிதன்று. 2009 மே மாதத்தில் வீசிய ஐலா புயலில் கரைகள் உடைந்து வயல்களில் உப்புநீர் புகுந்தது. விளைநிலம் கெட்டதும் காட்டையும் கழியையும் நம்பும் நிலை மேலும் வளர்ந்தது.

அம்மக்களிடையே வழங்கும் வனபீபி கதை இங்குக் கருதத்தக்கது. அரபு நாட்டிலிருந்து வந்த குடும்பத்தில் பிறந்தவளாக அக்கதை கூறும் வனபீபியை, காட்டுக்குள் செல்லும் இந்துக்களும் முஸ்லிம்களும் ஒருங்கே காவலாக நினைக்கின்றனர். புலி வடிவெடுக்கும் தக்கிணராயனிடமிருந்து துக்கே என்னும் ஏழைச் சிறுவனை அவள் காத்தாள் என்பது கதை. தேவைக்கு மேல் எடுக்காதே, பேராசையோடு நுழையாதே என்பதே அக்கதை புகட்டும் அறம். காட்டைப் பார்க்கச் செல்வோர்க்கும் அவ்வறம் பொருந்தும்.

பிறநாட்டு எடுத்துக்காட்டு

தென்னமெரிக்காவின் பாண்டனால் உலகின் மிகப் பெரிய வெப்பமண்டல ஈரநிலம். அதன் பெரும்பகுதி பிரேசிலில் உள்ளது. அங்குள்ள பெரும்பூனை ஜாகுவார். கால்நடையைக் கொல்வதால் பண்ணையார்கள் அதனைச் சுட்டு வீழ்த்துவது நெடுங்கால வழக்கம். பின்னர், போர்ட்டோ ஜோப்ரே என்னும் இடத்திலிருந்து குயாபா ஆற்றில் படகிற் சென்று ஜாகுவாரைக் காணும் சுற்றுலா வளர்ந்தது. வறண்ட பருவமாகிய ஜூலை முதல் அக்டோபர் வரை, ஆற்றங்கரையில் முதலையினத்தைச் சேர்ந்த கெய்மனை அது வேட்டையாடும் காட்சியைப் பலர் காண்கின்றனர். அச்சுற்றுலாவால் ஓராண்டில் வரும் வருவாய் ஏறத்தாழ 68 லட்சம் டாலர் என்றும், அதே பகுதியில் ஜாகுவாரால் நேரக்கூடிய கால்நடை இழப்பு ஏறத்தாழ 1,21,500 டாலர் என்றும் 2017இல் வெளிவந்த ஆய்வொன்று கணக்கிட்டது. வருவாய் இழப்பினும் ஐம்பது மடங்கிற்கு மேல் மிகுதி.

எனினும் இக்கணக்கு தானே நீதியாகிவிடாது. வருவாய் விடுதி உரிமையாளர்க்கும் இழப்பு ஏழைக் குடியானவர்க்குமாக முடியின், புலியின்மேல் உள்ளூரார் கொள்ளும் பகை மாறாது. காண்போர் கூட்டம் மிகுவதும் தீங்கே. புலிகள் காப்பகங்களின் உட்பகுதியில் சுற்றுலாவை 2012 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இடைக்காலமாகத் தடுத்தது. அவ்வாண்டு அக்டோபரில் புதிய நெறிமுறைகள் வகுக்கப்பட்ட பின்னரே அத்தடை நீங்கியது. உட்பகுதியில் 20 விழுக்காட்டிற்கு மேல் சுற்றுலாவுக்கு விடலாகாது என்பது அந்நெறிமுறைகளுள் ஒன்று.

பிச்சாவரம் கற்க வேண்டியது

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே அமைந்த பிச்சாவரத்தைச் சுரபுன்னைக் காடு என்று மக்கள் அழைப்பர். 2022இல் அது ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. மரங்களைக் கூட்டமாக வெட்டியதால் தரை தாழ்ந்து, நீர் தேங்கி, உப்பு மிகுந்து பாழ்பட்ட அதன் பகுதிகளில், மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி ஓதநீரைப் பாயவிட்டுக் காட்டை மீட்ட முயற்சி போற்றத்தக்கது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது, இக்காட்டின் மறைவிலிருந்த ஊர்கள் பெருஞ்சேதத்திலிருந்து தப்பின. காட்டின் மதிப்பை அன்று மக்கள் கண்கூடாக உணர்ந்தனர்.

இங்கும் துடுப்புப் படகில் பலர் செல்கின்றனர். வருவோர் பெரும்பாலும் திரைப்படம் எடுத்த இடத்தைக் காட்டச் சொல்லி, நிழற்படம் எடுத்துக்கொண்டு திரும்புகின்றனர். இங்குப் புலி இல்லை. ஆயினும் படிப்பதற்குச் சேறு உண்டு. தில்லை எது, கண்டல் எது, மூச்சுவேர் ஏன் மேல்நோக்கி வளர்கிறது, பறவைக் கூட்டம் எந்த ஓதத்தில் எங்கே இறங்கும் என்பவற்றைத் துடுப்பு வலிப்போர் தம் பட்டறிவால் அறிவர். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் உள்ளது. அங்குள்ள நூலறிவும் படகோட்டியின் பட்டறிவும் ஒன்றுகூடினால், சிறந்த வழிகாட்டிகள் இக்கரையிலேயே உருவாவர். அவர்தம் கூலியும் உயரும்.

பெரும்பூனையைக் காணும் பயணம் வெறும் வேடிக்கை அன்று. வருவாயில் உள்ளூரார்க்கு உரிய பங்கு, கூட்டத்திற்கு ஓர் அளவு, கற்றறிந்த வழிகாட்டி ஆகிய மூன்றும் அமைந்தால் அது காட்டைக் காக்கும் கருவியாகும். அமையாவிடின் காட்டைத் தேய்க்கும் கருவியாகும். இம்மூன்றும் புலியுள்ள சுந்தரவனத்திற்கும் புலியில்லாப் புலியூர்க் கழிக்கும் பொதுவானவை. இவ்வட்டார மாணவர்கள் பிச்சாவரத்திற் படகேறும்போது, துடுப்பு வலிப்பவரிடம் ஒரு மரத்தின் பெயரையேனும் கேட்டறிதல் வேண்டும். கேட்பார் உண்டாயின் சொல்வாரும் பெருகுவர்.