மகரக்கட்டு உடையும் வயதில் மேல்ஸ்தாயி எதற்கு?

பள்ளிக் கலைத் திருவிழா நெருங்கினால் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஜவளகிரி, தளி வட்டாரப் பள்ளிகளிலும் பாட்டுப் பயிற்சி சூடுபிடிக்கும். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் தமிழ்ப் பாட்டை அழகாகப் பாடி மேடையேறுவது இந்த எல்லைப்புறத்தின் பெருமை. ஆனால் போட்டிக்கு முந்தைய வாரம் முழுக்கக் கத்திக் கத்திப் பயிற்சி எடுத்துவிட்டு, போட்டியன்று தொண்டை கட்டிப்போய் நிற்கும் பிள்ளையை "இன்னும் சத்தமா பாடு" என்று விரட்டுவது பெரிய தவறு. குரல் கம்முவது உழைப்பின் அடையாளம் அல்ல, காயத்தின் அறிகுறி.

கழுத்துக்குள் இருக்கும் இரண்டு குரல்நாண்கள் ஒன்றோடொன்று மோதி அதிர்வதால்தான் ஒலி பிறக்கிறது. 5 கட்டைச் சுருதியில் மேல் ஷட்ஜத்தைப் பிடிக்கும் பெண் குழந்தைக்கு அவை நொடிக்குச் சுமார் 392 முறை மோதும். இறுக்கிப் பிடித்துக் கத்தினால் மோதும் இடம் வீங்கும். அதுவே நாள்பட்டால் சிறு முடிச்சாகத் தடிக்கும். பிள்ளைகளுக்கு வரும் இந்த முடிச்சுகள் பெரும்பாலும் அறுவை சிகிச்சை இல்லாமல், குரல் பயிற்சியாலும் கத்தும் பழக்கத்தைக் குறைப்பதாலுமே சரியாகின்றன.

கோளாறு பல நேரம் சுருதியில்தான் தொடங்குகிறது. சினிமாப் பாட்டின் கரோக்கி டிராக், அதைப் பாடிய பெரியவரின் குரலுக்கு அமைந்தது. பதின்மூன்று வயதுப் பையன் அதே சுருதியில் ஏன் பாட வேண்டும்? கைப்பேசிச் செயலியிலேயே சுருதியை ஏற்றி இறக்கலாம். கழுத்து நரம்பு புடைத்தால், முகவாயை மேலே தூக்கினால், அரைக் கட்டை இறக்குங்கள். பருவ வயதில் குரல் மாறும், அதாவது மகரக்கட்டு உடையும் மாதங்களில் பையன்களை மேல்ஸ்தாயிக்கு இழுக்கவே கூடாது. சிறுவர்களே நடித்த பாய்ஸ் கம்பெனி நாடகக் காலத்தில் குரல் உடைந்த பையன்கள் பாட்டு வேடத்தை இழந்தார்கள். இன்றைய பிள்ளைக்கு அந்தத் தண்டனை வேண்டாம்; வசதியான நடு ஸ்தாயியில், குறைந்த நேரம் பாடட்டும்.

பயிற்சியை மெல்லிய அகாரத்தில் தொடங்கி, சரளி வரிசையை முதல் காலத்தில் பாடி, பிறகே பாட்டுக்கு வர வேண்டும். மூச்சு இழுக்கும்போது தோள் உயரக் கூடாது. விலாவின் கீழ்ப்பக்கம் விரிய வேண்டும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஓய்வும் தண்ணீரும் தேவை. தொண்டை கட்டிய பிள்ளையைக் கிசுகிசுக்கச் சொல்லாதீர்கள், பலருக்கு அதுவும் குரல்நாணுக்குச் சுமைதான். மருந்துக்கடையில் தாமாக ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிக் கொடுத்து மேடையேற்றுவது மிகவும் ஆபத்தானது: வீக்கம் அடங்கியதுபோல் தோன்றும், காயம்பட்ட குரலோடு பிள்ளை மேலும் கத்தும். தொண்டை கட்டியதற்காகக் கொதிநீர்ப் பாத்திரத்தில் ஆவி பிடிக்கும்போது வெந்துபோகும் குழந்தைகளையும் மறக்க வேண்டாம்.

குரல் கம்மல் நான்கு வாரம் தாண்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவர் குரல்நாணை நேரில் பார்க்க வேண்டும். கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அந்தப் பிரிவு உண்டு. மூச்சுத்திணறல், எச்சிலில் ரத்தம், விழுங்க முடியாமை ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே கூட்டிச் செல்லுங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104 என்ற எண்ணில் கேட்கலாம்.

பிள்ளைக்கு உரிமையும் உண்டு. "வலிக்குது சார்" என்று சொல்லும் பிள்ளையை அடிப்பதும் அவமானப்படுத்துவதும் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி தடை செய்யப்பட்டவை. முதலில் தலைமையாசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் பேசுங்கள். தீராவிட்டால் கல்வி உதவி எண் 14417, குழந்தைகள் உதவி எண் 1098. பள்ளிக்கு வெளியே, திருவிழாக் குழாய் ஒலிபெருக்கிக்கு மேலே கத்திப் பேசும் இரவுகளும் பிள்ளைகளின் தொண்டையைக் கெடுக்கின்றன. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், அரசு தனியாக அனுமதித்த சில விழா நாள்கள் தவிர, இரவு 10 முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. மீறினால் காவல்துறையிடம் புகார் கொடுக்கலாம்.

முறையாகப் படிக்க விரும்பும் பிள்ளைகளுக்கு, குரலிசை கற்றுத்தரும் மாவட்ட அரசு இசைப்பள்ளி கிருஷ்ணகிரியில் இருக்கிறது. ஜவளகிரியிலிருந்து தூரம்தான். ஆகவே பாட்டு ஆசிரியர்களே, இந்த ஆண்டுப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும் முன், ஒவ்வொருவருக்கும் ஏற்ற கட்டையைக் கண்டுபிடித்து அவர்கள் பாட்டு நோட்டில் எழுதிக் கொடுங்கள்.