சொன்னது எட்டு, வந்தது நாலு!

தோட்டத்து மக்களே, பழைய மோட்டார் சைக்கிள் வாங்க நம்மவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சங்கிலியை ஆட்டிப் பார்ப்போம், புகையைப் பார்ப்போம், ஒரு சுற்று ஓட்டியும் பார்ப்போம். கம்ப்யூட்டர் என்றால் மட்டும், மேலே பளபளப்பு இருந்தால் போதுமென்று காசை நீட்டிவிடுகிறோம்.

சிங்கப்பூரில் பாசிர் ரிஸ் பக்கம் தங்கி வேலை பார்க்கிற பிள்ளைகள், ஊரில் படிக்கிற தம்பி தங்கைக்கு அனுப்ப இப்படித்தான் வாங்குகிறார்கள். கைப்பேசியில் விளம்பரம் பார்த்து, விலை பேசி, எம்.ஆர்.டி. நிலைய வாசலில் கைமாற்றிக்கொள்கிறார்கள். ஐந்து நிமிடத்தில் காரியம் முடிந்தது! சாமான் ஜொகூர் வந்து சேர்ந்த பிறகுதான் குட்டு வெளிப்படும். 8 ஜி.பி. ரேம் என்று போட்டிருப்பார்கள். உள்ளே 4 தான் இருக்கும். விண்டோஸ் 11 ஓடும் என்பார்கள். இயந்திரமோ அதற்குத் தகுதியில்லாத பழசு.

இது சின்ன விஷயமா? விண்டோஸ் 10-க்கு வழக்கமாகக் கொடுத்து வந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. பிள்ளை நாலு வருஷம் படிக்க வாங்கின சாமான், வந்த அன்றே வயசாகிக் கிடக்கிறது.

சரி, என்ன செய்வது? முதலில் கையை வைக்காதீர்கள். பழுது பார்க்கிற கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடவும் வேண்டாம். வாங்கிய பொருளை வைத்துப் புழங்கிக்கொண்டே இருந்தால் ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும். அப்புறம் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை போய், நஷ்டஈடு மட்டும்தான் கேட்கலாம். 'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்', 'அபவுட்' என்று போனால் உள்ளே இருப்பது திரையில் தெரியும். அதைப் படம் பிடியுங்கள். விளம்பரத்தையும் படம் பிடியுங்கள், விற்றவர் அதை அழித்துவிடுமுன்!

பிறகு, வித்தியாசம் எவ்வளவு என்று நிதானமாக யோசிக்க வேண்டும். மூலையில் கீறல் என்றால் விட்டுத் தள்ளலாம். ரேம் குறைவு, கூட்டிப் போட இடமும் இருக்கிறது என்றால் அந்தச் செலவை விலையில் கழித்துத் தரச் சொல்லலாம். எதைப் போட்டாலும் விண்டோஸ் 11 ஏறாது என்றால் பேரம் எதற்கு? காசைத் திரும்பக் கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள், ஒரு தேதியும் குறிப்பிடுங்கள். திட்டி எழுதினால் அதுவே நாளைக்கு எதிராளியின் கையில் சாட்சி.

விற்றவர் கடைக்காரரா, தனி ஆளா என்பதும் முக்கியம். கடைக்காரர் என்றால், 2012 செப்டம்பர் முதல் அமலில் உள்ள 'லெமன் சட்டம்' பழைய சாமானுக்கும் பொருந்தும். ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், வாங்கும்போது அது இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரர் பொறுப்பு. பொருளின் வயதையும் விலையையும் கணக்கில் எடுப்பார்கள். புதுசு மாதிரி எதிர்பார்க்க முடியாது. தனி ஆளுக்கு இந்தச் சட்டம் இல்லை. ஆனாலும் சொன்ன விவரத்துக்குப் பொருள் ஒத்திருக்க வேண்டும் என்ற விற்பனைச் சட்டம் அவரையும் கட்டுப்படுத்தும்.

பேச்சில் தீராவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. வக்கீல் வேண்டாம், வக்கீலை அங்கே விடவும் மாட்டார்கள். 20,000 வெள்ளி வரை கேட்கலாம், இரண்டு வருஷத்துக்குள். பயனீட்டாளருக்கு 5,000 வெள்ளி வரை கட்டணம் 10 வெள்ளிதான். ஒன்று சொல்ல வேண்டும்: காசு கொடுத்து வாங்கியவர்தான் வழக்குப் போட வேண்டும். ஜொகூரில் இருக்கும் அப்பா போய் நிற்க முடியாது. ஆகவே ரசீது மகனிடமே இருக்கட்டும். விற்றவரின் பெயரும் முகவரியும் தேவை. இணையத்தில் வைத்திருக்கிற புனைபெயரை மன்றத்துக்கு இழுக்க முடியுமா?

தீர்ப்பு வந்தாலும் சிலர் குறும்பு செய்வார்கள். 2014-ல், லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்து சிம் லிம் சதுக்கத்தில், 1,010 வெள்ளியைத் திருப்பித் தரவேண்டிய கைப்பேசிக் கடைக்காரர் ஒருவர் சில்லறைக் காசுகளைக் கொடுத்து வாடிக்கையாளரை அவமானப்படுத்தினார். ஊரே கொதித்தது. வாடிக்கையாளர்கள் பலரை ஏமாற்றிய குற்றத்துக்காக அவருக்கு 2015-ல் 33 மாதச் சிறை கிடைத்தது.

இனி வாங்கப் போகிற பிள்ளைகளுக்குத் தாய் தகப்பன்மார் ஒன்று சொல்லிவையுங்கள். நிலைய வாசலில் நின்றபடி வாங்க வேண்டாம். புளோக்குக் கீழே பெஞ்சில் உட்கார்ந்து, திறந்து, அந்த 'அபவுட்' பக்கத்தைப் பார்த்த பிறகு காசை அனுப்பட்டும். விற்கிறவர் "எனக்கு நேரமில்லை தம்பி" என்றால், அவர் ரயிலேறிப் போகட்டும்.