பழைய ஒயர்லெஸ் செட்டுக்குப் பாதுகாப்பான மாற்றுப் பாட்டரி

2017-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி குமரிக் கடலில் ஒக்கிப் புயல் உருவானபோது, தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி முதலிய கடற்கரை ஊர்களைச் சேர்ந்த மீனவர்கள் பலர் கடலில் இருந்தனர். புயல் செய்தி அவர்களில் பலருக்கு எட்டவில்லை. கரை திரும்பாதவர்களில் குமரி மாவட்டத்தவரும் திருவனந்தபுரம் மாவட்டத்தவரும் மிகுதி. வலையும் எஞ்சினும் எவ்வளவு அவசியமோ, அவ்வளவு அவசியம் செய்தித் தொடர்பும் என்பதை அப்புயல் உணர்த்திற்று.

அதன்பின் ஆழ்கடல் விசைப்படகுகளில் செயற்கைக்கோள் தொலைபேசி போன்ற கருவிகள் பயன்பாட்டுக்கு வந்துள்ளன. ஆனால் குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம், சின்னமுட்டம் ஆகிய துறைகளிலிருந்து செல்லும் சிறு பைபர் வள்ளங்களில் கையடக்க ஒயர்லெஸ் செட்டே பெரும் துணை. 5 வாட் சக்தியுள்ள இச்செட் படகிலிருந்து படகுக்குச் சில கடல் மைல் தொலைவுக்கே எட்டும். ஆயினும் எஞ்சின் பழுதாகி நிற்கும் வள்ளம் பக்கத்து வள்ளத்தை அழைப்பதற்கு அதுவே போதுமானது.

இத்தகைய செட் கவனமாகக் கையாண்டால் பத்து, பதினைந்து ஆண்டுகள் உழைக்கும். அதன் பாட்டரியோ மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் தளர்ந்துவிடும். அதற்குள் அந்த மாதிரியின் உற்பத்தியே நின்றுபோயிருக்கலாம். அப்போது கடையில் கிடைக்கும் ஏதேனும் ஒரு பாட்டரியை, "பொருந்துகிறதே" என்று வாங்கிப் போடுகிறார்கள். பொருந்துவது வேறு, ஒத்துப்போவது வேறு. இந்த வேறுபாட்டை அறியாமையால் செட் கெடுவதும், சார்ஜ் போடும்போது தீப்பிடிப்பதும், நடுக்கடலில் செட் ஊமையாகிவிடுவதும் நேரக்கூடும்.

மூன்று வகைப் பாட்டரிகள்

ஒரு பாட்டரிக்குள் பல கட்டைகள் வரிசையாக இணைக்கப்பட்டுள்ளன. பழைய செட்டுகளில் பெரும்பாலும் நிக்கல்-காட்மியம் அல்லது நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு கட்டைகள் இருக்கும். இவற்றில் கட்டை ஒன்றுக்கு 1.2 வோல்ட். ஆறு கட்டைகள் சேர்ந்தால் 7.2 வோல்ட் ஆகும். பிற்காலச் செட்டுகளில் லித்தியம்-அயனிக் கட்டைகள் வந்தன. இவற்றில் கட்டை ஒன்றுக்கு 3.7 வோல்ட் வீதம் இரண்டு கட்டைக்கு 7.4 வோல்ட்.

7.2-க்கும் 7.4-க்கும் வித்தியாசம் சிறிதுதானே என்று எண்ணுவது இயல்பு. செட்டைப் பொறுத்தவரை அது சிறிதே. சார்ஜரைப் பொறுத்தவரை இவ்விரண்டும் முற்றிலும் வெவ்வேறானவை.

சார்ஜரையும் சேர்த்துப் பாருங்கள்

லித்தியம் கட்டையை 4.2 வோல்ட் அளவில் துல்லியமாக நிறுத்திச் சார்ஜ் செய்ய வேண்டும். நிக்கல் பாட்டரிக்கென்று செய்த சார்ஜர் அந்த அளவில் நிறுத்தாது. அதில் லித்தியம் பாட்டரியைச் செருகினால் அளவு மீறிச் சூடேறி உப்பித் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. எனவே நிக்கல் பாட்டரியிலிருந்து லித்தியத்துக்கு மாறுவோர், செட் தயாரிப்பாளர் அதனை அனுமதித்திருக்கிறாரா என்று பார்த்து, அதற்குரிய சார்ஜரையும் உடன் வாங்க வேண்டும். பழைய சார்ஜரை அப்போதே ஒதுக்கிவிடுவது நலம். வீட்டில் உள்ளவர்கள் தெரியாமல் மாற்றிச் செருகிவிடக் கூடும்.

நிக்கல்-காட்மியத்துக்குப் பதில் நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு போடுவது அந்த அளவு ஆபத்தானதன்று. ஆயினும் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். பழைய விரைவுச் சார்ஜர், காட்மியக் கட்டை நிரம்பியதும் ஏற்படும் வோல்ட் இறக்கத்தைக் கண்டு நிற்கும்படி அமைந்தது. ஹைட்ரைடு கட்டையில் அந்த இறக்கம் மிகக் குறைவு. ஆதலால் சார்ஜர் நிற்காமல் தொடர்ந்து சூடேற்றலாம். இரண்டு வகைக்கும் ஏற்றது என்று சார்ஜரில் குறித்திருந்தால் மட்டுமே இம்மாற்றம் தகும்.

மெதுவான இரவுச் சார்ஜரில் இதற்கு எதிரான குறை ஏற்படும். 600 மில்லி ஆம்பியர்-மணி பாட்டரிக்கென்று அமைந்த 60 மில்லி ஆம்பியர் சார்ஜர், 14 மணி நேரத்தில் 840 அளவே ஏற்றும். அதில் 2,000 அளவுள்ள புதிய பாட்டரியை வைத்தால் விடிந்த பின்னும் பாதிகூட நிரம்பியிராது. பெரிய பாட்டரி வாங்கியும் பயன் இல்லையே என்று பலர் வருந்துவதற்கு இது ஒரு காரணம்.

டார்ச் கட்டை போடும் பெட்டி

சில செட்டுகளுக்குச் சிறு டார்ச் கட்டைகளைப் போட்டுக்கொள்ளும் காலிப் பெட்டி தனியே கிடைக்கும். ஆபத்து நேரத்துக்கு இது மிகவும் உகந்தது. கட்டைகளைக் கடையில் எளிதில் வாங்கலாம், சார்ஜ் தேவையில்லை. ஆனால் அதில் ஆல்கலைன் கட்டைகளையே போட வேண்டும். விலை குறைந்த சாதாரணக் கட்டைகள், பேசுவதற்குப் பொத்தானை அழுத்தியதும் வோல்ட் இறங்கி, செட்டை அணைத்துவிடும். நாளடைவில் கசிந்து உள்ளிருக்கும் தகடுகளையும் அரிக்கும். ஆல்கலைன் கட்டைகளை ஒருபோதும் சார்ஜ் செய்யக் கூடாது.

இங்கே இன்னோர் எச்சரிக்கையும் அவசியம். சிறு டார்ச் கட்டையின் அதே உருவத்தில் 3.7 வோல்ட் லித்தியம் கட்டைகளும் கடைகளில் விற்பனையாகின்றன. ஆறு கட்டைப் பெட்டியில் இவற்றைப் போட்டால் 9 வோல்டுக்குப் பதில் 22 வோல்ட் பாய்ந்து செட் அக்கணமே கெடும். உருவத்தைப் பார்க்காமல் கட்டையின் மேல் அச்சிட்ட வோல்டைப் படித்து வாங்க வேண்டும்.

எத்தனை மணி நேரம் வரும்?

5 வாட் செட் ஒன்று பேசும்போது ஏறத்தாழ 1,500, கேட்கும்போது 200, சும்மா திறந்திருக்கும்போது 50 மில்லி ஆம்பியர் மின்சாரம் எடுப்பதாகக் கொள்வோம். நூறு நிமிடத்தில் 5 நிமிடம் பேச்சு, 5 நிமிடம் கேட்பு, 90 நிமிடம் காத்திருப்பு என்றால் சராசரி 130 ஆகிறது. 1,000 மில்லி ஆம்பியர்-மணி பாட்டரி இக்கணக்குப்படி ஏழரை மணி நேரத்துக்குச் சற்று மேல் வரும். மாலையில் சென்று மறுநாள் காலை திரும்பும் வள்ளத்துக்கு 14 மணி நேரம் தேவை. அதற்கு 1,820 அளவு வேண்டும். நெருக்கடியில் விடாமல் பேச நேர்ந்தால் அந்த 1,000 அளவு பாட்டரி 40 நிமிடத்திலேயே தீர்ந்துவிடும்.

எனவே பெரிய பாட்டரி ஒன்றை நம்புவதைக் காட்டிலும், சரியான பாட்டரிகள் இரண்டை வைத்திருப்பதே சிறந்தது. ஒன்றைச் செட்டிலும், மற்றொன்றை முழுச் சார்ஜுடன் நீர் புகாத டப்பாவிலும் வைக்கலாம். அருகில் உள்ள படகுடன் பேசுகையில் செட்டை 1 வாட் நிலையில் வைத்தால் மின்சாரம் மிச்சமாகும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

முதலாவதாக, பழைய பாட்டரியைக் கையோடு கொண்டுசென்று, அதன் எண், வகை, வோல்ட் ஆகியவற்றைப் புதியதோடு ஒப்பிட வேண்டும். தேய்ந்து எழுத்துத் தெரியாவிட்டால், செட்டுடன் வந்த புத்தகத்தைப் பார்க்கலாம்.

இரண்டாவதாக, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையைப் பார்க்க வேண்டும். கையடக்கக் கருவிகளுக்கான, சார்ஜ் செய்யத்தக்க நிக்கல், லித்தியம் பாட்டரிகளுக்கு ஐ.எஸ். 16046 என்னும் தரத்தின் கீழ்ப் பதிவு கட்டாயம். 'ஆர்' என்னும் ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண் பாட்டரியின் மேல் இருக்கும். அமைவனத்தின் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் அந்த எண்ணைப் பதிந்து உண்மையா என்று அறியலாம்.

மூன்றாவதாக, தயாரித்த தேதி. உற்பத்தி நின்ற மாதிரிக்கு உரிய 'புதிய' பாட்டரி பல ஆண்டுகள் அலமாரியில் கிடந்ததாக இருக்கலாம். நெடுநாள் கிடந்து அடியோடு வற்றிய லித்தியம் பாட்டரியைச் சார்ஜ் செய்வது ஆபத்து.

நான்காவதாக, நீர்க்காப்பு. கடலுக்கென்று செய்த செட், ஐ.பி.எக்ஸ். 7 தரத்தில் 1 மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் தாங்கும். வேறு கம்பெனிப் பாட்டரியின் ரப்பர் வளையம் சரியாக அமையாவிட்டால் அந்தக் காப்பு இல்லாமற் போகும்.

போலிகள் பற்றியும் அறிந்திருக்க வேண்டும். 2024 செப்டம்பரில் லெபனான் நாட்டில் வாக்கி-டாக்கிகள் வெடித்துப் பலர் மாண்டனர். அது வெடிபொருளை வேண்டுமென்றே மறைத்து வைத்த செயல். சாதாரணப் பாட்டரிகளுக்கு அந்த அச்சம் வேண்டியதில்லை. ஆனால் அச்செட்டுகளில் பெயர் காணப்பட்ட ஜப்பானிய ஐகாம் கம்பெனி, அந்த மாதிரியையும் அதன் பாட்டரியையும் 2014-லேயே நிறுத்திவிட்டதாக அறிவித்தது. உற்பத்தி நின்ற பொருள் கம்பெனிப் பெயரோடு புத்தம் புதியதாகக் கிடைத்தால், அது எங்கிருந்து வந்தது என்று கேட்டறிய வேண்டும் என்பதே இதன் பாடம். பில் தரும் கடையில் வாங்குவது பாதுகாப்பு.

பாட்டரி கிடைக்கவில்லை என்று இணைய வாணிபத்தில் மலிவான வாக்கி-டாக்கி வாங்குவதும் சரியன்று. உரிமமும் வகை ஒப்புதலும் இன்றி விற்கப்படும் செட்டுகளைத் தடுக்க மத்திய அரசு 2025 மே மாதம் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டுள்ளது.

கட்டைகளை மட்டும் மாற்றலாமா?

பழைய பெட்டியைத் திறந்து புதிய கட்டைகள் வைத்துத் தருவோர் உள்ளனர். நிக்கல் பாட்டரிகளில் இது இயலும். ஆனால் எல்லாக் கட்டைகளும் ஒரே வகையாகவும் ஒரே சமயத்தில் வாங்கியவையாகவும் இருக்க வேண்டும். பழையதும் புதியதும் கலந்தால் பலவீனமான கட்டை விரைவில் கெட்டு மற்றவற்றையும் கெடுக்கும். கட்டையின் மேல் நேரடியாக ஈயப்பற்று வைப்பது அதன் மூடியைச் சேதப்படுத்தும். தகடு பொருத்திய கட்டைகளே ஏற்றவை. வெப்பத்தை உணரும் சிறு பாகத்தைப் பழையபடி பொருத்தினாலன்றிச் சார்ஜர் சூட்டை அறியாது. பெட்டியின் மூட்டை நீர் புகாமல் மீண்டும் ஒட்டவும் வேண்டும். லித்தியம் பாட்டரியை யாரும் திறக்கலாகாது.

கடலுக்குப் போகுமுன் சோதனை

புதிய பாட்டரியை உடனே கடலுக்குக் கொண்டுபோகக் கூடாது. கரையில் இரண்டு மூன்று முறை முழுச் சார்ஜ் செய்து, செட்டைத் திறந்து வைத்து, எத்தனை மணி நேரம் நிற்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். 7.2 வோல்ட் நிக்கல் பாட்டரியைச் சார்ஜ் செய்து ஓரிரவு வைத்த பின் மீட்டரில் 7 வோல்டுக்குக் கீழ் காட்டினால், ஒரு கட்டையாவது செத்துவிட்டது என்று கொள்ளலாம். பேச்சுச் சோதனைக்கு 16-ஆம் சானலைப் பயன்படுத்தக் கூடாது. அது ஆபத்து அழைப்புக்கு உரியது. ஏரியல் இல்லாமல் பொத்தானை அழுத்துவதும் தவறு.

பராமரிப்பு

கரை திரும்பியதும் பாட்டரியைக் கழற்றாமல் செட்டை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து உப்பைப் போக்க வேண்டும். பிறகு பாட்டரியைக் கழற்றித் தகடுகளை உலர்ந்த துணியால் துடைக்கலாம். ஈரம் இருக்கையில் சார்ஜரில் வைக்கலாகாது. வெயிலிலும் எஞ்சின் பெட்டி மேலும் வைப்பது பாட்டரியின் ஆயுளைக் குறைக்கும். எஞ்சின் பாட்டரியிலிருந்து வெறும் ஒயர் இழுத்துச் சார்ஜ் செய்வது பெருந்தவறு. உப்பிய பாட்டரியை அன்றே ஒதுக்க வேண்டும்.

மீன்பிடித் தடைக்காலம் விசைப்படகுகளுக்குக் கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் நடைமுறையில் உள்ளது. இந்த 61 நாட்களும் பாட்டரியைச் செட்டிலிருந்து பிரித்து, குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். லித்தியம் பாட்டரி பாதிச் சார்ஜில் இருப்பது நல்லது. நிக்கல் பாட்டரி தானாகவே வற்றும் இயல்புடையது. ஆதலால் கடலுக்குப் புறப்படும் முன் தவறாது சார்ஜ் செய்ய வேண்டும்.

பழைய பாட்டரியை வயலில் எறியாதீர்

இது நாஞ்சில் நாட்டு நெல் விவசாயிகளையும் பொறுத்த செய்தி. காட்மியம் ஒரு நஞ்சு. மண்ணில் சேர்ந்தால் எளிதில் நீங்காது. நெற்பயிர் அதனை வேர் வழியே எடுத்துத் தானியத்தில் சேர்க்கும். ஜப்பானின் தோயாமா பகுதியில் சுரங்கக் கழிவு ஜின்சு ஆற்றில் கலந்து, அந்த நீர் பாய்ந்த வயல்களின் அரிசியை உண்டவர்கள் எலும்பு முறியும் கொடிய நோய்க்கு ஆளாயினர். அதற்குக் காட்மியமே காரணம் என்று ஜப்பான் அரசு 1968-இல் அறிவித்தது. பாட்டரி ஒன்றில் உள்ள காட்மியம் சுரங்கக் கழிவுக்கு ஈடாகாதுதான். ஆயினும் குளத்திலும் கால்வாயிலும் ஆண்டுதோறும் எறிந்துவந்தால், நஞ்சு சேர்ந்துகொண்டே இருக்கும்.

2022-ஆம் ஆண்டு பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், தயாரிப்பாளர்களே பழைய பாட்டரிகளைத் திரும்பப் பெற வழிசெய்யும்படி விதித்துள்ளன. பழைய பாட்டரியின் முனைகளில் ஒட்டுநாடா சுற்றித் தனி டப்பாவில் சேர்த்து, புதியது வாங்கும் கடையிலோ மின்னணுக் கழிவு சேகரிப்போரிடமோ ஒப்படைக்க வேண்டும். எரிப்பதும் புதைப்பதும் கூடாது.

ஆபத்தில் கரையிலிருந்து கடலோரக் காவல்படையை அழைக்க 1554 என்னும் எண் உண்டு. கடலின் நடுவில் இருப்பவருக்கோ கையிலிருக்கும் செட்டே முதல் துணை. வகை, வோல்ட், சார்ஜர் ஆகிய மூன்றும் ஒத்த பாட்டரியை வாங்கி, கரையில் சோதித்து, மாற்று ஒன்றையும் உடன் எடுத்துச் சென்றால், வேண்டிய நேரத்தில் அச்செட் கைகொடுக்கும்.